பல்கலைக்கழகத்தின் கதையை அங்கே வேலை பார்த்தவர்களிடமே கேட்டுப் பதிவு செய்வது எப்படி?

ஒரு பல்கலைக்கழகத்தில் காகிதத்துக்குப் பஞ்சமே கிடையாது. ஆட்சிமன்றக் குழுவின் தீர்மானங்கள், கல்விக் குழுவின் கூட்டக் குறிப்புகள், ஆண்டறிக்கை, சுற்றறிக்கை என்று அலமாரி அலமாரியாக இருக்கும். அரசுப் பல்கலைக்கழகம் என்றால் தணிக்கை அறிக்கையும் சேர்ந்துகொள்ளும். அப்புறம் எதற்காக ஓய்வுபெற்ற பேராசிரியர்களையும் பதிவாளர்களையும் தேடிப்போய்ப் பேச வைக்க வேண்டும்? "விவாதித்து ஏற்கப்பட்டது" என்று கூட்டக் குறிப்பில் ஒரே வரியில் முடிந்த விஷயத்துக்குப் பின்னால் மாதக்கணக்கில் சண்டை நடந்திருக்கும். யார் எதிர்த்தார்கள், யார் கடைசி நேரத்தில் மனம் மாறினார்கள், மேலிடத்திலிருந்து போன் வந்ததா என்பதெல்லாம் எந்தக் கோப்பிலும் ஏறாது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் நடந்ததைத்தான் நீங்கள் பதிவு செய்யப் போகிறீர்கள்; இதற்குத்தான் வாய்மொழி வரலாறு என்று பெயர். "உங்கள் பணி அனுபவத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் பிரிவு உபசார விழாப் பேச்சுதான் கிடைக்கும்.

அதனால் வேலை மைக்கில் தொடங்குவதில்லை, கோப்பில் தொடங்குகிறது. யாரைச் சந்திக்கப் போகிறீர்களோ அவர் பதவியில் இருந்த காலத்துக் கூட்டக் குறிப்புகள், பழைய நாட்காட்டிகள், அந்த நாளைய செய்தித்தாள், ஆசிரியர் சங்கத்தின் துண்டறிக்கைகள், மாணவர் இதழ்கள் எல்லாவற்றையும் புரட்டி, அவர் பணிக்காலத்தில் எந்தெந்த முடிவுகளில் அவர் கை இருந்தது என்று ஆண்டு வாரியாக ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். ஒரு துறை இரண்டாகப் பிரிந்திருக்கும், ஒரு பாடம் நிறுத்தப்பட்டிருக்கும், ஒரு வேலைநிறுத்தம் நடந்திருக்கும், ஒரு நியமனம் நீதிமன்றம் வரை போயிருக்கும். கேள்விகள் அங்கிருந்துதான் பிறக்கும். நீங்கள் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று தெரிந்ததும் எதிரில் இருப்பவரின் பேச்சே மாறிவிடும், ஏனென்றால் மேலோட்டமாகச் சொல்லி அனுப்ப முடியாது என்று அவருக்கும் புரிந்துவிடுகிறது.

யாரைப் பதிவு செய்வது? வழக்கமாக முன்னாள் துணைவேந்தர்களின் பட்டியலோடுதான் எல்லோரும் தொடங்குவார்கள். பணம் கொடுக்கிறவர்களுக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் துணைவேந்தர்கள் ஏற்கெனவே பட்டமளிப்பு மேடைகளிலும் பேட்டிகளிலும் தங்கள் கதையைப் பலமுறை சொல்லி மெருகேற்றி வைத்திருப்பார்கள். என்னைக் கேட்டால் பதிவாளர், நிதி அலுவலர், தேர்வுப் பிரிவை நடத்தியவர், பல துணைவேந்தர்களைப் பார்த்துவிட்ட அலுவலகக் கண்காணிப்பாளர் இவர்களிடம்தான் அமைப்பு உண்மையில் எப்படி ஓடியது என்பது இருக்கிறது. மூடப்பட்ட துறையின் கடைசித் தலைவர், ஒரு துறையில் முதல் பெண்ணாகச் சேர்ந்தவர், கோபித்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போனவர், வாக்கெடுப்பில் தோற்ற தரப்பில் இருந்தவர் ஆகியோரையும் விடாதீர்கள்.

இதற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகம் நல்ல உதாரணம். 1949-ல் அங்கே ஆசிரியர்கள் கம்யூனிச எதிர்ப்பு விசுவாச உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும் என்று ஆட்சிக் குழு கட்டாயப்படுத்தியது. 1950-ல் மறுத்த 31 பேர் வேலை இழந்தார்கள். 1952-ல் மாநில உச்ச நீதிமன்றம் அந்த ஆசிரியர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. மறுத்தவர்கள் வரலாற்றில் பெயர் பெற்றார்கள். ஆனால் கையெழுத்துப் போட்டவர்கள்தான் பெரும்பான்மை; வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்பும் ஒருபக்கம், நண்பனின் முகம் மறுபக்கம் என்று அவர்கள் எப்படி முடிவெடுத்தார்கள் என்பது கேட்டால்தான் தெரியும். உங்கள் நிறுவனத்திலும் இப்படி ஒரு நிகழ்வு இருக்கும். இரு தரப்பிலும் ஆட்களைப் பிடியுங்கள், நடுவில் பேசாமல் இருந்தவர்களையும் சேர்த்து.

வரிசையைப் பதவியைப் பார்த்து அமைக்காமல் வயதையும் உடல்நிலையையும் பார்த்து அமையுங்கள். இதைச் சொல்லக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது, ஆனால் வேறு வழியில்லை. மறுபக்கம், இப்போது பதவியில் இருப்பவர்களை அவசரப்பட்டுப் பதிவு செய்யாதீர்கள். நாற்காலியில் இருக்கும்வரை அவர்கள் அறிக்கை மொழியில்தான் பேசுவார்கள். ஓய்வுபெற்று ஓரிரு ஆண்டுகள் ஆனபிறகு அதே ஆள் வேறு மாதிரி பேசுவார்.

பேட்டி எடுப்பவரையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். பேராசிரியரின் சொந்த மாணவர் போனால் பாசம் இருக்கும், கறாரான கேள்வி இருக்காது. முற்றிலும் வெளியாளாக இருந்தால் தயக்கமில்லாமல் கேட்பார், ஆனால் "அந்தப் பழைய கட்டடத்துப் பிரச்சினை" என்று ஜாடையாகச் சொன்னால் புரியாமல் விழிப்பார். நிறுவனத்தை அறிந்த, ஆனால் எதிரில் இருப்பவரிடம் எந்தக் காரியமும் ஆக வேண்டியிராத ஒருவர்தான் சரியான ஆள். பதவி உயர்வுக்குக் காத்திருக்கும் உதவிப் பேராசிரியரைத் துறைத்தலைவரிடம் அனுப்பினால் என்ன பதிவாகும் என்று உங்களுக்கே தெரியும்.

ஒப்புதல் படிவத்தை ஏதோ சம்பிரதாயம் மாதிரி கடைசியில் நீட்டக் கூடாது. பதிவுக்கு முன்பே அவர் கையில் கொடுத்து, இந்த ஒலிப்பதிவு யாரிடம் இருக்கும், பதிப்புரிமை யாருக்கு, இணையத்தில் போடலாமா, எந்தப் பகுதியை எத்தனை ஆண்டு மூடி வைக்க வேண்டும், பின்னால் மனம் மாறினால் என்ன செய்யலாம் என்பதையெல்லாம் பேசி முடித்துவிடுங்கள். பல நிறுவனங்களில், மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் கேட்பார்கள். அமெரிக்காவில் 2019 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட விதிகள் வாய்மொழி வரலாற்றை அந்தக் குழுக்களின் வரம்புக்கு வெளியே வைத்துவிட்டன, இருந்தாலும் உங்கள் இடத்தில் என்ன நடைமுறை என்று முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். காப்பாற்ற முடியாத ரகசிய வாக்குறுதியைக் கொடுக்காதீர்கள். அமெரிக்காவில் உள்ள பாஸ்டன் கல்லூரியின் பெல்ஃபாஸ்ட் திட்டம் என்ற வாய்மொழி வரலாற்றுத் திட்டத்தில், வட அயர்லாந்தில் ஆயுதக் குழுக்களில் இருந்தவர்கள் தாங்கள் சாகும்வரை வெளிவராது என்று நம்பித்தான் பேசினார்கள். 2011-ல் பிரிட்டிஷ் போலீஸ் விசாரணைக்காக அமெரிக்க அரசு அந்தப் பதிவுகளைக் கேட்டு உத்தரவு அனுப்பியது. நீண்ட வழக்குக்குப் பிறகு சில பேட்டிகளை ஒப்படைக்க வேண்டியதாயிற்று. பல்கலைக்கழக விவகாரத்தில் அவ்வளவு தூரம் போகாமல் இருக்கலாம், ஆனால் நிதி முறைகேடு, பாலியல் புகார், நிலுவையில் உள்ள வழக்கு என்று பேச்சு வரத்தான் செய்யும். "மூடி வைப்போம், ஆனால் நீதிமன்றம் கேட்டால் மறுக்க முடியாமல் போகலாம்" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். அரசு நிறுவனம் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் குறுக்கே வரலாம்.

கருவிகளைப் பற்றி நிறைய எழுதத் தேவையில்லை. பதிவுக் கருவியை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்து, ஒலியைச் சுருக்காத வேவ் (WAV) கோப்பாகப் பதிவு செய்யுங்கள். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 ஜிபி ஆகும். எம்பி3-யில் நேரடியாகப் பதிவு செய்யாதீர்கள், அதைப் பின்னால் பகிர்வதற்கு மட்டும் உருவாக்கிக்கொள்ளலாம். இருவருக்கும் தனித்தனிக் காலர் மைக், காதில் ஹெட்ஃபோன், கூடுதல் பேட்டரி, இன்னொரு கருவியில் ஒரு மாற்றுப் பதிவு, அவ்வளவுதான். அறைதான் முக்கியம். புத்தகங்களும் திரைச்சீலையும் உள்ள சின்ன அறை நல்லது. கண்ணாடிச் சுவரும் ஏசி இரைச்சலும் உள்ள கூட்ட அரங்கம் மோசம். முதல் சில விநாடிகளில் தேதி, இடம், இருவரின் பெயர், திட்டத்தின் பெயர் ஆகியவற்றைச் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

சில நாள் முன்னால் பதிவில்லாமல் அரை மணி நேரம் போனில் பேசுங்கள். அதில் அவர் நல்ல கதை ஒன்றை ஆரம்பித்தால், "சார், இதை அன்றைக்கு மைக் முன்னால் சொல்லுங்கள்" என்று நிறுத்திவிடுங்கள். முதல்முறை சொல்லும்போது இருக்கும் உயிர் இரண்டாம்முறை இருக்காது.

இனிப் பேட்டி. நிர்வாகத்தில் இருந்தவர்கள் செயப்பாட்டு வினையில் பேசிப் பழகியவர்கள்: "முடிவு எடுக்கப்பட்டது", "குழு அமைக்கப்பட்டது". அதை மனிதர்கள் இருக்கும் வாக்கியமாக மாற்ற வைப்பதுதான் உங்கள் வேலை. "யார் சார் முதலில் அந்த யோசனையைச் சொன்னது? அன்றைக்கு அறையில் யார் யார் இருந்தார்கள்? நீங்கள் எங்கே உட்கார்ந்திருந்தீர்கள்? கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் யாரிடம் பேசினீர்கள்?" என்று சின்னச் சின்னதாகக் கேளுங்கள். இடத்தையும் ஆளையும் கேட்டால் ஞாபகம் தானாக வரும். "ஏன் அப்படிச் செய்தீர்கள்?" என்று நேரடியாகக் கேட்டால் தற்காப்புதான் வரும்; "அப்போது உங்கள் முன்னால் வேறு என்ன வழிகள் இருந்தன?" என்று கேட்டால் அதே விஷயம் மெதுவாக வெளியே வரும். பேராசிரியர்களின் சிக்கல் வேறு. அவர்கள் பாடம் நடத்தத் தொடங்கிவிடுவார்கள். ஆய்வுக் கோட்பாட்டை அரை மணி நேரம் விளக்குவார்கள், அதெல்லாம் அவர்களின் கட்டுரையிலேயே இருக்கிறது. ஆய்வகத்துக்கு இடம் எப்படிக் கிடைத்தது, கருவி வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது, முதல் ஆய்வு மாணவரை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்ற பக்கம் பேச்சைத் திருப்புங்கள்.

பழைய புகைப்படம், அந்தக் கூட்டக் குறிப்பின் நகல், வளாக வரைபடம் கையோடு இருந்தால் பெரிய உதவி. காட்டும்போது எதைக் காட்டுகிறீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், இல்லையென்றால் கேட்பவர்களுக்கு "இதோ இவர்தான்" என்பதில் எவர் என்றே தெரியாது. "ம்ம்", "ஓஹோ" என்று ஒலி எழுப்பாமல் தலையாட்டுங்கள். அவர் நிறுத்தினால் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாமல் கொஞ்சம் பொறுங்கள்; பல நேரம் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பார். கடினமான கேள்விகளை நடுப்பகுதிக்கு வையுங்கள். ஒரு அமர்வு ஒன்றரை மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். முக்கியமானவர்களுக்குப் பல அமர்வுகள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டைத் தவறாகச் சொன்னால் உடனே திருத்தாதீர்கள். இத்தாலியின் தெர்னி நகரில் 1949-ல் போலீசால் கொல்லப்பட்ட ஒரு தொழிலாளியின் சாவை, ஊர்க்காரர்கள் பலர் 1953-ன் பெரும் ஆட்குறைப்புப் போராட்டத்தில் நடந்ததாக நினைவுவைத்திருந்ததை அலெஸ்ஸாண்ட்ரோ போர்ட்டெல்லி என்ற ஆய்வாளர் கவனித்தார். அந்தத் தவறே அவர்களுக்கு அந்தச் சாவு என்னவாக இருந்தது என்பதைச் சொல்லிவிட்டது. ஒரு பேராசிரியர் தன் துறையின் சரிவை ஒரு குறிப்பிட்ட துணைவேந்தரின் காலத்தோடு சேர்த்துச் சொல்கிறார், ஆவணமோ அது இரண்டு ஆண்டு முன்பே தொடங்கியது என்கிறது என்றால், முழுதாகப் பேசவிட்டு, பிறகு நகலைக் காட்டி என்ன நினைக்கிறீர்கள் என்று கேளுங்கள். இரண்டும் பதிவில் இருக்கட்டும்.

முடிந்த அன்றே கோப்புகளை மூன்று பிரதி எடுங்கள், இரண்டு வகை ஊடகத்தில், அதில் ஒன்று வேறு கட்டடத்தில். மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள். பேச்சை அப்படியே எழுதிவைக்கும் எழுத்துப்படி தயாரானதும் ஒலியை மறந்துவிடும் வழக்கமும் இருக்கிறது. 1948-ல் வரலாற்றாசிரியர் ஆலன் நெவின்ஸ் தொடங்கிய கொலம்பியா பல்கலைக்கழக வாய்மொழி வரலாற்றுத் திட்டத்திலேயே முதல் பேட்டி கையால் எழுதப்பட்ட குறிப்புதான், பின்னர் பல ஆண்டுகள் ஒலிநாடாக்களை எழுதி முடித்ததும் அழித்து மறுபடி பயன்படுத்தினார்கள். சொற்கள் மிஞ்சின, சொன்ன குரலின் தயக்கமும் கிண்டலும் போய்விட்டன.

ஒரு மணி நேரப் பேச்சைக் கையால் ஒழுங்காக எழுத ஐந்தாறு மணி நேரமாவது ஆகும். தானியங்கி மென்பொருள் முதல் வரைவைத் தரும், ஆனால் ஆள் பெயர், துறைச் சுருக்கப்பெயர், மொழி கலந்த பேச்சு இவற்றில் சொதப்பும். மூடி வைக்க வேண்டிய பேட்டியை இணையச் சேவையில் ஏற்றவே வேண்டாம், உங்கள் கணினியிலேயே இயங்கும் மென்பொருளைப் பயன்படுத்துங்கள். எழுத்துப்படியைப் பேசியவருக்கு அனுப்பும்போது பெயர்களையும் ஆண்டுகளையும் மட்டும் சரிபார்க்கச் சொல்லுங்கள். பேராசிரியர்கள் சிவப்பு மையோடு உட்கார்ந்து முழுதையும் கட்டுரையாக்கிவிடுவார்கள். அதையும் மீறி எதையாவது நீக்கச் சொன்னால், அது அவர் உரிமை, பொதுப் பிரதியில் நீக்கிவிட்டு அங்கே நீக்கப்பட்டது என்று குறியுங்கள். கென்டக்கி பல்கலைக்கழகத்தின் நன் (Nunn) வாய்மொழி வரலாற்று மையம் உருவாக்கிய ஓஎச்எம்எஸ் (OHMS) என்ற இலவச மென்பொருளில் தலைப்புவாரியாக நேரக்குறி போட்டுவிட்டால், மூன்று மணி நேரப் பேட்டியில் வேலைநிறுத்தம் பற்றிய ஏழு நிமிடத்துக்கு நேராகப் போய்விடலாம்.

கடைசியில் எல்லாவற்றையும், ஒப்புதல் படிவங்கள், கேள்விக் குறிப்புகள் உட்பட, பல்கலைக்கழக ஆவணக்காப்பகத்திடம் எழுத்துமூலம் ஒப்படையுங்கள். துறை அலமாரியில் இருக்கும் ஹார்டு டிஸ்க், அடுத்த துறைத்தலைவர் வந்ததும் காணாமல் போகும். மூடிய பகுதிகள் ஒவ்வொன்றுக்கும் எந்தத் தேதியில் திறக்க வேண்டும், அதைத் திறக்கும் பொறுப்பு எந்தப் பதவியில் இருப்பவருக்கு என்று கோப்பின் விவரப் பட்டியலிலேயே குறித்துவிடுங்கள். ஆளின் பெயரை எழுதினால், அவரும் ஒருநாள் ஓய்வுபெற்றுவிடுவார்.