நாகர்கோவில் புறநகரில் மனை வாங்குமுன் பார்க்க வேண்டியவை

பார்வதிபுரம், ஆசாரிப்பள்ளம், கோணம், இறச்சகுளம் ஆகிய பகுதிகளில் மனை பார்க்கச் செல்வோர் முதலில் சென்ட் விலையைத்தான் கேட்கின்றனர். மழைநீர் அந்த இடத்தில் எவ்வழியாக வந்து எவ்வழியாக வடிகிறது என்பதையே முதலில் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளும் கிடைக்கின்றன. நாஞ்சில் நாட்டில் இன்று விற்பனைக்கு வரும் மனைகளில் பல, ஒரு காலத்தில் குளத்துப் பாசனத்தில் நெல் விளைந்த நஞ்சை நிலங்கள். வயலை மண்ணிட்டு மேடாக்கி, வாய்க்காலை மறித்துச் சுற்றுச்சுவர் எழுப்பிவிட்டால், குளம் நிரம்பி மறுகால் பாயும் நாளில் தண்ணீர் வீட்டுக்குள்தான் நுழையும். 2021 நவம்பர் மழையில் மாவட்டத்தின் பல பகுதிகள் வெள்ளத்தில் மிதந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. எனவே தரகர் பங்குனி வெயிலில் காட்டிய மனையை, ஐப்பசியிலோ கார்த்திகையிலோ நல்ல மழை பெய்த மறுநாள் தனியே சென்று பாருங்கள். பக்கத்து வீட்டுச் சுவரில் முழங்கால் உயரத்தில் செம்மண் கறை கோடாகப் படிந்திருக்கிறதா, சாலை மனையைவிட உயர்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள்.

அடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டில் நிலத்தின் வகைப்பாட்டையும், நில அளவை வரைபடமான புலப்படத்தில் வாய்க்கால் குறிக்கப்பட்டுள்ளதா என்பதையும் பாருங்கள். தாய்ப்பத்திரம், பட்டா, முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று ஆகியவற்றை வழக்கறிஞர் ஒருவர் படித்துப் பார்க்கட்டும். அனுமதியற்ற மனைப்பிரிவு என்றால், அவற்றை முறைப்படுத்தும் அரசின் வரன்முறைத் திட்டம் 2016 அக்டோபர் 20 வரை உருவானவற்றுக்கே பொருந்தும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

புறநகரின் நன்மைகளும் சிறியவை அல்ல. நகருக்குள் மூன்று சென்டுக்குக் கொடுக்கும் பணத்தில் இங்கே கிணறு, நான்கு தென்னை, ஒரு பலாவுடன் வாழ இடம் கிடைக்கலாம். வயதான பெற்றோர் உள்ளவர்களுக்கு, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அமைந்துள்ள ஆசாரிப்பள்ளம் பெரும் ஆறுதல்.

ஆனால் வடசேரியிலிருந்து கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று தெரியாமல் முடிவெடுக்காதீர்கள். பேருந்து போதாத இடத்தில் வீட்டுக்கு இரண்டு இருசக்கர வாகனங்கள் தேவைப்படும். அந்தச் செலவு மனை விலையில் மிச்சம் பிடித்ததை மெல்லத் தின்றுவிடும். பள்ளி நேரத்தில் ஒரு முறை நீங்களே பயணம் செய்து பாருங்கள். இயன்றால் அதே தெருவில் ஒரு மழைக்காலம் வாடகைக்குக் குடியிருங்கள். அதன் பிறகு முன்பணம் கொடுக்கலாம்.