மனச்சோர்வில் எனக்குக் கைகொடுத்தவை

பணி ஓய்வுக்குப் பின் காரணம் புலப்படாத சோர்வு என்னைப் பற்றிக்கொண்டபோது, முதலில் பயன்பட்டது காலை வெளிச்சமே. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 மணி வரை வாகனங்களை அனுமதிப்பதில்லை என்பதால், காந்தி சிலையிலிருந்து தெற்கே துய்ப்ளே சிலை வரை இடையூறின்றி நடக்கலாம். கடலுக்கு மேலே எழும் கதிரொளி உடலின் உட்கடிகாரத்தைச் சீராக்குவதால் முதலில் உறக்கம் திருந்தியது. மனம் அதற்குப் பின்னரே தெளிந்தது. கைப்பேசியை வீட்டிலேயே வைத்துவிடுவேன்.

அடுத்தது சிறு வேலைகள். உற்சாகம் வரட்டும் என்று காத்திராமல் செயலைத் தொடங்கினால் உற்சாகம் பின்தொடரும் என்பது உளவியல் சிகிச்சையில் கையாளப்படும் முறை. பெரிய மார்க்கெட்டில் கீரை வாங்கி வந்து ஆய்வதே எனக்குப் போதுமானதாக இருந்தது. ('நல்லதையே நினையுங்கள்' என்ற அறிவுரை எரிச்சலை மட்டுமே தந்தது.) பாட்டு கேட்பதும் ஓரளவு உதவியது.

சோர்வு இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினாலோ, இவற்றை நம்பியிராமல் மருத்துவரை அணுக வேண்டும். மத்திய அரசின் டெலி மானஸ் என்னும் மனநல உதவி எண்ணான 14416-இல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.