கடற்படையில் குற்றச்சாட்டு வந்தால்: கேப்டன் மேசையிலிருந்து தீர்ப்பாயம் வரை

கடற்படையில் இருக்கும் மகன் மீது குற்றச்சாட்டு என்று தெரிந்ததும் வீட்டில் எல்லோர் வாயிலும் முதலில் வருவது ‘கோர்ட் மார்ஷல்’, அதாவது படை அதிகாரிகளே அமர்ந்து விசாரிக்கும் நீதிமன்றம், என்ற சொல்தான். ஆனால் பெரும்பாலான விவகாரங்கள் அந்தக் கட்டத்துக்குப் போகாமல் கப்பலுக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. ஆகவே விசாரணை யார் முன்னால் நடக்கிறது என்பதை முதலில் கேட்டறிய வேண்டும். அடுத்து செய்யக்கூடியது எல்லாம் அந்த விடையைப் பொறுத்தது. இங்கே சொல்வது இந்தியக் கடற்படைக்குரிய 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் நடைமுறை. கடலோரக் காவல்படைக்கு 1978ஆம் ஆண்டின் தனிச் சட்டமும் தனி நீதிமன்றமும் உண்டு. வெள்ளைச் சீருடையைப் பார்த்து இரண்டையும் ஒன்றாக நினைத்து, வழக்கறிஞரிடமும் அப்படியே சொல்லிவிட வேண்டாம்.

விடுப்பு முடிந்து தாமதமாகத் திரும்புவது போன்ற தவறுகள் முதலில் ‘மேசை’க்கு, அதாவது கப்பலின் கேப்டனான கமாண்டிங் அதிகாரி நேரில் நடத்தும் விசாரணைக்கு, வரும். மாலுமி மேசையின் முன் நிறுத்தப்பட்டு, தொப்பியைக் கழற்றச் சொல்லி, குற்றச்சாட்டு வாசிக்கப்படும். அவருடைய பிரிவைக் கவனிக்கும் டிவிஷனல் அதிகாரி அருகில் நின்று அவருடைய நடத்தையைப் பற்றிச் சொல்வார். சில நிமிடங்களில் முடிந்துவிடக்கூடிய இந்த விசாரணையைச் சிறிதாக எண்ணக் கூடாது. மரண தண்டனைக்குரிய குற்றங்கள் நீங்கலாக மற்றவற்றைக் கமாண்டிங் அதிகாரியே விசாரித்து, மூன்று மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்கவும், பணிநீக்கம் செய்யவும் சட்டம் இடம் தருகிறது. ரயில் தாமதமானதற்கான சான்றோ, அம்மாவை மருத்துவமனையில் சேர்த்த சீட்டோ இருந்தால், மேசைக்கு முன்பே டிவிஷனல் அதிகாரியின் கையில் அது இருக்க வேண்டும். தண்டனைக்குப் பிறகு நீட்டும் காகிதத்துக்கு அந்த மதிப்பு கிடையாது.

விவகாரம் கோர்ட் மார்ஷலுக்குப் போனால் ஐந்து முதல் ஒன்பது அதிகாரிகள் அமர்வார்கள். எல்லோரும் ஒரே கப்பலைச் சேர்ந்தவர்களாக இருக்க முடியாது. சட்ட விஷயங்களில் வழிகாட்டும் ஜட்ஜ் அட்வகேட் அவர்களுடன் இருப்பார், வாக்களிக்க மாட்டார். குற்றப்பத்திரிகையோடு, நடந்ததை விவரிக்கும் ‘சர்க்கம்ஸ்டான்ஷியல் லெட்டர்’ என்ற கடிதமும் உண்டு. இரண்டையும் அருகருகே வைத்து, தேதி, இடம், கப்பல் பெயர் மூன்றும் பொருந்துகின்றனவா என்று வரிவரியாகப் பாருங்கள். நீதிமன்றத்தில் அமரும் அதிகாரி ஒருவர் இதே விவகாரத்தை முன்பு விசாரித்தவர் என்றால் தொடக்கத்திலேயே ஆட்சேபிக்க வேண்டும். வெளி வழக்கறிஞரையும் வைத்துக்கொள்ளலாம். தீர்ப்பு பெரும்பான்மை வாக்கின்படி; வாக்குகள் சமமானால் அது குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகம். தரைப்படையைப் போல மேலதிகாரி உறுதிசெய்யும் வரை கடற்படைத் தண்டனை காத்திருப்பதில்லை. மரண தண்டனைக்கு மட்டுமே மத்திய அரசின் உறுதி தேவை. அதனால்தான் இங்கே மனு எழுதுவதில் ஒரு நாள் தாமதமும் கனமானது.

வழக்கு உண்மையில் கடற்படையின் கையில்தான் இருக்க வேண்டுமா என்பதையும் பார்க்க வேண்டும். கலகம், ஓடிப்போதல் போன்றவை நீங்கலாக, குற்றம் நடந்து மூன்று ஆண்டுகளுக்குள் விசாரணை தொடங்கியாக வேண்டும். படைச் சட்டத்துக்கு உட்படாத ஒருவரைக் கொன்றதாகக் குற்றச்சாட்டு என்றால், போர்ப்பணியிலோ வெளிநாட்டிலோ நடந்தது போன்ற சூழல்கள் தவிர, அது சாதாரண நீதிமன்றத்துக்கே உரியது. எடுத்துக்காட்டாக, 1959 ஏப்ரல் 27 அன்று பம்பாயில் படையைச் சேராத ஒருவரைச் சுட்டுக் கொன்ற கடற்படை அதிகாரி கமாண்டர் நானாவதி நேரே போனது கடற்படைக் காவல் பிரிவின் தலைவரான புரோவோஸ்ட் மார்ஷலிடம்; அவர் போலீசிடம் போகச் சொன்னார். வழக்கு ஜூரி முன் தொடங்கி 1961இல் உச்ச நீதிமன்றத்தில் ஆயுள் தண்டனை உறுதியாகி முடிந்தது.

கோர்ட் மார்ஷல் முடிந்த பின் கடற்படையின் தலைமைச் சட்ட அதிகாரியான ஜட்ஜ் அட்வகேட் ஜெனரல் அதன் ஆவணங்களை மறு ஆய்வு செய்வார். கடற்படைத் தளபதிக்கோ மத்திய அரசுக்கோ மனு அளிக்கலாம். அதன் பின், படையினரின் மேல்முறையீடுகளை விசாரிக்க 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயம். அதற்குச் சென்னையிலும் அமர்வு உண்டு. அதற்கும் மேலே உச்ச நீதிமன்றம், தீர்ப்பாயத்தின் முடிவிலிருந்து 90 நாள்களுக்குள். கடலோரக் காவல்படையினருக்கு இந்தத் தீர்ப்பாயம் இல்லை. அவர்கள் உயர் நீதிமன்றத்தைத்தான் அணுக வேண்டும்.