கடலூரை ஒரே நாளில் காண்பதற்கு

புதுச்சேரியிலிருந்து தெற்கே பேருந்தில் வருவோர் கடலூர் பேருந்து நிலையத்தில் இறங்கலாம். ரயிலில் வருவோர் கடலூர் துறைமுகம் சந்திப்பில் இறங்காமல் திருப்பாதிரிப்புலியூர் நிலையத்தில் இறங்குவது நல்லது. பாடலீசுவரர் கோயில் அங்கிருந்து நடக்கும் தொலைவில்தான் உள்ளது. கல்லில் கட்டிக் கடலில் எறியப்பட்ட திருநாவுக்கரசர் கரையேறி வந்து வழிபட்ட தலம் இது என்பதால், நடை சாத்துவதற்குள் காலையிலேயே இங்கு வந்துவிட வேண்டும்.

அடுத்துத் தேவனாம்பட்டினம். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690இல் மராத்தியரிடமிருந்து இங்கிருந்த கோட்டையை விலைக்கு வாங்கியபோது, பீரங்கியை நாற்புறமும் சுட்டு, குண்டு விழுந்த இடம் வரையிலான ஊர்களையெல்லாம் தனதாக்கிக்கொண்டது. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயர் இன்றும் அதை நினைவூட்டுகிறது. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானபின் ஆங்கிலேயரின் தலைமையிடமாக விளங்கிய இந்தக் கோட்டையை, அதாவது செயின்ட் டேவிட் கோட்டையை, 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை கைப்பற்றித் தகர்த்தது. கெடிலம் ஆற்றின் கரையில் இப்போது எஞ்சியிருப்பவை சிதைந்த செங்கற்சுவர்கள் மட்டுமே. கம்பீரமான கோட்டையை எதிர்பார்க்காமல், மேற்சொன்ன வரலாற்றை அறிந்துகொண்டு சென்றால்தான் அந்தச் சுவர்களின் அருமை புரியும். அவற்றின் மீது ஏறுவதோ பெயர் கிறுக்குவதோ கூடாது.

வெயில் தாழ்ந்தபின் அருகிலுள்ள வெள்ளிக் கடற்கரைக்குச் செல்லலாம். மணற்பரப்பு அகலமானது, ஆனால் அலை இழுப்பு வலுவானது, ஆகவே குழந்தைகளின் கையை விடாதீர்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரி, பிப்ரவரி மாதங்களே வர ஏற்றவை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருவதானால், புறப்படுமுன் புயல் எச்சரிக்கை உள்ளதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.