சிறு முதலில் தொழில் தொடங்க ஜஸ்வந்திபென் போபட் காட்டிய வழி

வீட்டிலிருந்தே தொழில் தொடங்க எண்ணும் பெண்கள், 1959 மார்ச் 15 அன்று மும்பையின் கிர்காம் பகுதிக் குடியிருப்பு ஒன்றின் மொட்டை மாடியில் ஜஸ்வந்திபென் போபட்டும் தோழியர் அறுவரும் 80 ரூபாய்க் கடனில் தொடங்கிய லிஜ்ஜத் அப்பளத்தின் கதையை நிதானமாகப் படிக்க வேண்டும்.

முதலில், கைவந்த வேலையையே தேர்ந்தெடுங்கள். அவர்களுக்குக் கைவந்தது அப்பளம் இடுவது. முதல் நாளில் உருவானவை நான்கு பொட்டலங்களே. நட்டமே வந்தாலும் நன்கொடை கேட்பதில்லை என்றும் தொடக்கத்திலேயே உறுதி செய்துகொண்டார்கள்.

அடுத்து, தொழிலை முடக்கக்கூடிய தடையைக் கண்டறிந்து, கைக்கெட்டும் பொருளைக் கொண்டே அதற்கு வழி தேடுங்கள். வெயிலை நம்பிய அப்பள வேலை, முதல் ஆண்டு மழையில் நான்கு மாதங்கள் நின்றுபோனது. மறு ஆண்டு அவர்கள் ஒரு கட்டிலும் அடுப்பும் வாங்கி, கட்டிலின் மேல் அப்பளங்களைப் பரப்பி, அடியில் அடுப்பை மூட்டி உலர்த்தினார்கள். என்னை மிகவும் நெகிழவைப்பது இந்தக் கட்டில்தான். பெரிய இயந்திரம் வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

விலை குறைந்த இரண்டாம் தரத்தைச் செய்யும் ஆசையை விட்டுவிடுங்கள். அவர்களும் அதை முயன்று, பெரியவர் ஒருவரின் அறிவுரையால் கைவிட்டவர்களே. வரவு செலவை அன்றன்றே எழுதி வையுங்கள்.