பழைய கட்டடத்தில் நாடக அரங்கம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூட்டிக் கிடக்கும் சத்திரத்தையோ நெல் கிடங்கையோ நூறு பேர் அமர்ந்து பார்க்கும் நாடக அரங்காக மாற்ற வேண்டும் என்னும் ஆசை இப்போது பல குழுக்களிடம் இருக்கிறது. ஆலோசனைக்கு அழைக்கிறார்கள், போய்ப் பார்க்கிறேன். குழு புதிது, தவறு மட்டும் பழையது. பத்திரம், அனுமதி, வரவு செலவு ஆகியவற்றை யாரும் சொல்லாமலே கவனிப்பார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

சிமென்ட் பூசிக் கறுப்புப் பெயின்ட் அடித்தல்

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபை நாடகம் நடத்திய சென்னை விக்டோரியா பொதுக்கூடம் உட்பட, அக்காலத்து நம் கட்டடங்கள் செங்கல்லாலும் சுண்ணாம்புக் காரையாலும் எழுந்தவை. பெரும்பாலான பழைய கட்டடங்களின் அடித்தளத்தில் ஓதத்தைத் தடுக்கும் அடுக்கு இராது. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் நுண்துளைகள் வழியே வெளியேறிக் காய்ந்துவிடும். அந்தப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சிமென்ட் பூசி, அதன்மேல் எமல்ஷனும் அடித்தால் ஈரம் வழியின்றி இன்னும் மேலே ஏறுகிறது. அதிலுள்ள உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி அதைப் பொடியாக்குகிறது. கூரையிலிருந்து இறங்கும் மழைநீரும் உள்ளே தங்கிவிடுவதால், சுவருக்குள் செருகப்பட்ட விட்டத்தின் முனை இற்றுப்போகிறது.

காவிரிக்கரை ஊர் ஒன்றில், மேடையின் பின்சுவர் கறுப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே இதைச் செய்தார்கள். திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாயிற்று, சுண்ணாம்பு காயும்வரை காத்திருக்க முடியாது என்றார்கள். "சிமென்ட்தான் சார் கெட்டி" என்றார் ஒப்பந்தக்காரர். ஐப்பசி மழைக்குப் பிறகு போனபோது முழங்கால் உயரத்துக்கு மேல் பெயின்ட் கொப்பளித்திருந்தது. நகத்தால் கீறினேன், உப்பும் செங்கல் தூளும் கையோடு வந்தன. மேடை விளக்கைப் போட்டால் அந்த வெள்ளைத் திட்டு கடைசி வரிசைக்கும் தெரிந்தது. சிமென்ட்டைப் பெயர்க்க உளி வைத்தால் செங்கல்லின் முகமும் சேர்ந்தே பெயர்கிறது. ஆகவே பூசிய செலவு போக, சுவரை மீண்டும் கட்டும் செலவும் வந்து சேர்ந்தது.

இத்தனைக்கும் அவர்களுக்குத் தேவைப்பட்டது கறுப்பு நிறம் மட்டுமே. சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளித் தனிக் கம்பங்கள் நட்டுக் கறுப்புத் துணி கட்டியிருந்தால் போதும். சுவரில் பழுது இருந்தால், கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்துக் காரை அரைக்கத் தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடித்து, பூச்சுக்குப் பூச்சு காயவிட்டுப் பூசச் சொல்லுங்கள். திறப்பு விழாவைத் தள்ளிவைக்கலாம்.

விளக்குகளை விட்டத்தில் தொங்கவிடுதல்

மெட்ராஸ் டெரஸ் கூரையில் மர வாரைகளின்மேல் சிறு செங்கற்களும், செங்கல் ஜல்லி கலந்த சுண்ணாம்பும், தட்டோடும் அடுக்கடுக்காக இருக்கின்றன. மரம் ஏற்கெனவே அந்தப் பாரத்தைச் சுமக்கிறது. விளக்குகளுக்குத் தரையில் நிற்கும் தனிச் சட்டகம் அமையுங்கள்.

பொய்க்கூரை

வேண்டாம். ஒழுக்கு எங்கே என்றே தெரியாமல் போகும்.

வாசற்கதவு

பழைய கதவு உள்நோக்கித் திறக்கும். கூட்டம் முண்டியடித்தால் திறக்கவே முடியாது. அதற்காகச் செதுக்குவேலைக் கதவைக் கழற்றி விற்க வேண்டியதில்லை. காட்சி முடியும்வரை அதைத் திறந்து கொக்கி மாட்டி வையுங்கள். வெளிநோக்கித் திறக்கும் வேறு வழி ஒன்றும் கட்டாயம் இருக்கட்டும்.

எதிரொலி

காலி அரங்கில் கைதட்டிப் பார்த்துவிட்டு நுரைப் பலகை வாங்க ஓடாதீர்கள். மேற்சொன்ன துணியும் பார்வையாளர்களும் ஒலியில் கணிசமான பங்கை உறிஞ்சிக்கொள்வார்கள். அரங்கு நிறைந்த ஒரு நாளில் நடித்துப் பார்த்து, கடைசி வரிசையில் இருந்தவர்களிடம் வசனம் புரிந்ததா என்று கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள்.