காமன் நவுன், ப்ராப்பர் நவுன்: நம்மவர்கள் சறுக்கும் இடங்கள்

'மரம்' பொதுப்பெயர், 'மா' சிறப்புப்பெயர். 'அணி' பொதுப்பெயர், 'வளையல்' சிறப்புப்பெயர். பள்ளியில் தமிழ் இலக்கணத்தில் இப்படித்தான் படித்தோம். அப்புறம் அடுத்த பீரியடில் ஆங்கில ஆசிரியர் வந்து, காமன் நவுன் என்றால் பொதுப்பெயர், ப்ராப்பர் நவுன் என்றால் சிறப்புப்பெயர் என்று எழுதிப் போட்டுவிட்டுப் போவார். குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

தமிழ் இலக்கணம் இங்கே பார்ப்பது இனத்தையும் அதற்குள் அடங்கும் வகையையும். மரங்களில் ஒரு வகை என்பதால் மா சிறப்புப்பெயர் ஆகிறது. ஆங்கிலத்தில் அந்தக் கணக்கு செல்லாது. மேங்கோ, பேங்கிள், ரோஸ், டைகர், கிரிக்கெட் எல்லாமே காமன் நவுன்தான். எந்த ஊரில் எந்தத் தோட்டத்தில் நின்றாலும் மாமரத்தை அப்படித்தானே சொல்வோம்? ஒருவருக்கோ ஓர் ஊருக்கோ ஆற்றுக்கோ நிறுவனத்துக்கோ அதற்கென்றே வைத்த பெயர்தான் ப்ராப்பர் நவுன். காட்டில் திரியும் டைகர் காமன் நவுன். வீட்டு நாய்க்கு டைகர் என்று பெயர் வைத்துவிட்டால் அது ப்ராப்பர் நவுன், முதல் எழுத்து கேப்பிட்டல். "இது வகையா, வைத்த பெயரா?" என்று கேட்டாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

அடுத்த தவறு, கேப்பிட்டல் எழுத்தை மரியாதையாக நினைப்பது. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே கிடையாது. அதனால் முக்கியமாகத் தோன்றுகிற சொல்லுக்கெல்லாம் கேப்பிட்டல் போட்டுவிடுகிறோம். ஒரு லீவ் லெட்டரை எடுத்துப் பாருங்கள். "ஆஸ் மை சிஸ்டர்ஸ் மேரேஜ் இஸ் ஆன் சண்டே, ஐ ரெக்வெஸ்ட் யூ டு கிராண்ட் மீ லீவ்" என்று இருக்கும். அதில் சிஸ்டர், மேரேஜ், லீவ், ஏன், ரெக்வெஸ்ட் என்ற வினைச்சொல்கூட கேப்பிட்டலில் நிமிர்ந்து நிற்கும். வாக்கியத்தின் முதல் சொல்லையும், எங்கே வந்தாலும் பெரிதாகவே எழுதப்படும் ஐ என்பதையும் விட்டுவிட்டால், இதில் கேப்பிட்டல் கேட்கிற சொல் சண்டே ஒன்றுதான். அக்கா கல்யாணம் நமக்குப் பெரிய விஷயம்தான், ஆனால் இலக்கணத்துக்கு அது தெரியாது. ஒரு காலத்தில் ஆங்கிலேயர்களும் பெயர்ச்சொல்லுக்கெல்லாம் கேப்பிட்டல் போட்டவர்கள்தான். 1787-இல் எழுதிய அமெரிக்க அரசியல் சாசனத்தின் மூலப்படியிலேயே அதைப் பார்க்கலாம். அந்த வழக்கம் ஒழிந்து வெகு காலமாகிவிட்டது.

உறவுமுறையிலும் பதவியிலும் ஒரே சொல் இரண்டு பக்கமும் நிற்கும். 'மை அங்கிள்' என்றால் சின்ன எழுத்து, 'அங்கிள் ராமன்' என்றால் பெரிய எழுத்து. 'மை மதர்' சின்னது. அம்மாவைப் பெயர் போல அழைத்து, மை இல்லாமல் மதர் என்று மட்டும் எழுதினால் பெரியது. முன்னால் மை, ஹிஸ், ஹெர் மாதிரி ஒரு சொல் வந்தால் பெரும்பாலும் காமன் நவுன் என்று வைத்துக்கொள்ளலாம். பதவியும் அதே மாதிரிதான். 'பிரெசிடெண்ட் அப்துல் கலாம்' என்பதில் கேப்பிட்டல். நாட்டுக்கு ஒரு பிரெசிடெண்ட் உண்டு என்று பொதுவாகச் சொல்லும்போது வேண்டாம். ஆனால் இந்திய அரசுக் கடிதங்களில் பெயர் இல்லாமல் பதவி மட்டும் வந்தாலும் கேப்பிட்டல் போடுவது வழக்கம். அதைத் தவறு என்று திருத்தப் போகாதீர்கள்.

மெரினா பீச் என்று முழுப்பெயரைச் சொன்னால் பீச்சும் அந்தப் பெயரில் சேர்த்தி, அதற்கும் கேப்பிட்டல். அடுத்த வரியில் வெறும் 'த பீச்' என்று வந்தால் சின்ன எழுத்து. பலர் ஒருமுறை போட்ட கேப்பிட்டலைக் கடைசிப் பத்தி வரைக்கும் இழுத்துக்கொண்டே போவார்கள். திசைகளும் இப்படித்தான்: தெற்கே போனேன் என்பதில் சவுத் சின்னது, சவுத் ஆப்பிரிக்காவில் பெரியது.

கேப்பிட்டலை மட்டும் பார்த்துவிட்டு ஆர்ட்டிகிளை விட்டுவிடுவதும் உண்டு. 'ஐ ஆம் டீச்சர்' என்பது தவறு. எண்ணக்கூடிய காமன் நவுன் ஒருமையில் பொதுவாகத் தனியாக நிற்காது, அதற்கு முன்னால் ஒரு 'எ' வேண்டும். ஊர்ப் பெயர்களுக்கு அது தேவையில்லை, 'த சென்னை' என்று யாரும் எழுதுவதில்லை. ஆனால் ஆறுகளுக்கும் மலைத்தொடர்களுக்கும் 'த' வரும்: த காவேரி, த ஹிமாலயாஸ்.

சிலவற்றை மனப்பாடம் செய்வது தவிர வழியில்லை. ஞாயிறு வாராவாரம் வருகிறது, இருந்தாலும் சண்டே ப்ராப்பர் நவுன். மாதங்களும் அப்படியே. ஆனால் சம்மர், வின்டர் எல்லாம் சின்ன எழுத்து. மொழிப் பெயர்கள் எங்கே வந்தாலும் கேப்பிட்டல், தமிழ் டீச்சர் என்று அடைமொழியாக வந்தாலும் சரி. ஃபிசிக்ஸ், ஹிஸ்டரிக்கு அந்தச் சலுகை கிடையாது. பயோடேட்டாவில் இந்த ஒரு இடத்தில் தடுமாறாதவர்கள் குறைவு.

கட்சி மாறிய சொற்களும் உண்டு. எஸ்கலேட்டர் முதலில் ஓடிஸ் கம்பெனியின் வணிகப்பெயர். எல்லா நகரும் படிக்கட்டையும் அப்படியே சொல்லிப் பழகியதால் 1950-இல் அமெரிக்காவில் அந்த உரிமை பறிபோனது, இப்போது அது வெறும் காமன் நவுன். ஜெராக்ஸ் அப்படியில்லை. நம்மூர்க் கடைப் பலகை எதைச் சொன்னாலும் அது இன்னமும் ஒரு கம்பெனியின் பெயர், எனவே விண்ணப்பத்தில் ஃபோட்டோகாபி என்று எழுதுவது நல்லது.

அறிவியல் மாணவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. நியூட்டன் என்ற மனிதர் கேப்பிட்டல். விசையின் அலகான நியூட்டனை முழுச் சொல்லாக எழுதும்போது சின்ன எழுத்து. வோல்ட், வாட், ஆம்பியர், கெல்வின் எல்லாமே அப்படித்தான், குறியீடாக ஒற்றை எழுத்தில் எழுதினால் மட்டும் கேப்பிட்டல். டிகிரி செல்சியஸில் மட்டும் செல்சியஸுக்கு எப்போதும் கேப்பிட்டல்தான், ஏனென்றால் அங்கே அலகின் பெயர் டிகிரியில் தொடங்குகிறது. செல்சியஸ் அந்த டிகிரி யாருடையது என்று சொல்ல வந்த ஆள் பெயர்.